சாவி யார் பையில்?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு ஒரு நூற்பாலையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். கார்டிங் இயந்திரத்தில் பஞ்சு அடைத்தால் கைவிட்டு எடுப்பவர் எங்கள் சேரி அண்ணன் ஒருவர். பதினைந்து ஆண்டுகளாக அவர் வெறும் 'ஹெல்பர்'தான். ஓர் இரவு ஷிப்டில் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டிருந்தார். பேனல் பக்கம் வந்த ஒருவர், மெஷின் ஏன் நிற்கிறது என்று போட்டுவிட்டார். இரண்டு விரல்கள் போயின. விசாரணை அறிக்கையில் காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.

பேனல் அறைச் சாவி அன்று என்னிடம்தான் இருந்தது. நானும் பூட்டவில்லை. பூட்டும் வழக்கமே அங்கே இல்லை.

உலகம் முழுக்கத் தெரிந்த முறைதான் இது. ஐசொலேட்டரை இறக்கி, வேலை செய்பவர் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று வேறொரு லைனில் பார்த்துவிட்டு, இங்கே மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். கார்டிங் சிலிண்டர் மின்சாரம் போன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டுகள். கடைசிப் பூட்டு கழன்றால்தான் இயந்திரம் ஓடும். அமெரிக்காவில் 1989-லேயே இதைச் சட்ட விதியாக்கிவிட்டார்கள்.

விபத்துக்குப் பிறகு ஹெல்பர்களுக்கும் பூட்டு கேட்டேன். சில நூறு ரூபாய்தான் விலை. சூப்பர்வைசர் சிரித்தார்: "அவனுங்க கையில சாவியக் குடுத்தா, மெஷின நிறுத்திட்டு உக்காந்துக்குவானுங்க."

பிரச்சினை அவர் வாயிலேயே வந்துவிட்டது. பூட்டு என்பது உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம். அந்த அதிகாரம் சேரிக்காரர் கைக்குப் போகக் கூடாது.

'மின்சாரம் சாதி பார்க்காது' என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் முன்னால் யாரை நிறுத்துவது என்பதைச் சாதி பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மின்கம்பத்திலும் இதே கதைதான். லைன் கிளியர் ஒருவர் பெயரில் இருக்கும், கம்பம் ஏறுபவர் பெயரே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். லைனை எப்போது மீண்டும் போடுவார்கள் என்பது அவர் கையில் இல்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அம்பேத்கர். நாட்டின் மின்சார வளர்ச்சிக்கான திட்டமிடலும் அந்தத் துறையில்தான் நடந்தது. மின்சாரத்தையும் தொழிலாளியையும் சேர்த்தே பார்த்தவர் அவர். அவர் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் நாம் பேனல் அறைக்குள் என்ன கேட்கிறோம்?

தோழர்களே, விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் போராடுகிறோம், சரி. அதற்கு முன்பே ஒவ்வொரு ஆலையிலும், ஒவ்வொரு பம்பிங் நிலையத்திலும் ஒன்றைக் கேட்போம்: உள்ளே கைவிடுபவருக்குச் சொந்தப் பூட்டு இருக்கிறதா? சாவி அவர் பையில் இருக்கிறதா? இல்லையென்றால் கையை உள்ளே விடாதீர்கள். இதை நான் அந்த அண்ணனிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.