வீட்டில் இரண்டு லைசென்ஸ், ஓட்டுவது ஒருவர்

கோவையிலோ மதுரையிலோ காலை எட்டரை மணிக்கு ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுபவர்களில் அம்மாக்கள் ஏராளம். முன்னால் ஒரு குழந்தை நிற்கும், பின்னால் ஒன்று உட்கார்ந்திருக்கும், கொக்கியில் சாப்பாட்டுப் பை ஆடும். டவுன் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே அந்த வண்டி நுழைந்து வெளியேறும் லாகவம் எளிதில் வருவதல்ல. அதே பெண் ஞாயிற்றுக்கிழமை மாலை கணவரோடு ஒரு வரவேற்புக்குக் கிளம்புகிறார். வண்டியும் அதேதான். ஆனால் சாவியைக் கணவர் எடுத்துக்கொள்கிறார், மனைவி பின்னால் ஒருபுறமாகக் கால்போட்டு உட்காருகிறார். யார் ஓட்டுவது என்று இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போகும்போது யார் ஓட்டுவது என்ற கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் எழுவதே இல்லை. வீட்டுக்குள் முடிந்துபோகும் இந்தச் சின்ன விஷயத்தைப் பொதுவில் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். ஒரு வண்டியில் இருக்கும் இருவரில், அந்த நேரத்தில், ஓட்டத் தகுதியான நிலையில் இருப்பவர் யார் என்பது இந்த எண்களோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி. அதற்கான பதிலை வழக்கத்தின் கையில் விட்டுவைத்திருப்பது ஆபத்து என்பதே என் வாதம்.

பெண்கள் வண்டி ஓட்டுவதற்குத் தமிழ்நாடு செய்ததை யாரும் குறைத்துச் சொல்லிவிட முடியாது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கிண்டல்களைத் தாண்டித்தான் இது நடந்தது. பிறகு 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, மானியமாகத் தந்தது. இவை எல்லாம் பெண் தனியாகப் போவதற்கு இருந்த தடைகளை உடைத்தவை. கணவரோடு சேர்ந்து போகும்போது என்ன ஆகிறது என்பதை எந்தத் திட்டமும் தொடவில்லை, தொடவும் முடியாது. தனியே போகையில் கிடைத்த உரிமை, சேர்ந்து போகையில் சத்தமில்லாமல் திரும்பப் போய்விடுகிறது.

பின்னிருக்கையில் யார் இருப்பார் என்பதைச் சட்டமும் வடிவமைப்பும்கூட முன்பே ஊகித்து வைத்திருக்கின்றன. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் கேட்கிறது. அவருடைய உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஷோரூமில் ‘சாரி கார்டு’ என்று காட்டுவது இதைத்தான். உயிர் காக்கும் நல்ல விதி இது. ஆனால் தலைக்கவசம் என்று வரும்போது அந்தப் பின்னிருக்கையை எல்லோரும் மறந்துவிட்டோம். ஹெல்மெட் போட்ட கணவர், வெறுந்தலையோடு மனைவி என்ற காட்சி நமக்கு உறுத்தவே இல்லை. சட்டம் இருவரையும் எப்போதோ சேர்த்துவிட்டது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை பின்னிருப்பவர் மீதும் கண்டிப்பாக நடவடிக்கை எடுக்கப்போவதாக அறிவித்தது 2022 மே மாதத்தில்தான். ஓட்டுபவரே முழு மனிதர், பின்னால் வருபவர் உடன் வரும் சுமை என்ற பார்வை இதிலும் இருக்கிறது.

இருசக்கர வாகனத்தைப் பொறுத்தவரை ஒரு நியாயமான வாதம் உண்டு. ஒல்லியான ஒருவர், தன்னைவிடக் கனமான ஒருவரைப் பின்னால் வைத்துக்கொண்டு சிக்னலில் நின்று கிளம்புவது கடினம். நின்றிருக்கும் வண்டி சாய்ந்தால் தாங்கிப்பிடிக்கக் காலில் பலம் வேண்டும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனைவி உயரமும் உடல்வாகும் உள்ளவராக இருக்கும் வீடுகளிலும் சாவி கணவரிடமேதானே போகிறது? உண்மையான காரணம் தெருமுனையில் இருக்கிறது. “பொண்டாட்டி ஓட்டுறா, இவன் பின்னாடி உக்காந்து வர்றான் பாரு” என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். கணவருக்கு அந்தக் கூச்சம் இல்லாவிட்டாலும், அவருக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று மனைவிக்கு இருக்கும். நான்கு பேர் பார்வைக்காக நடக்கும் ஏற்பாடு இது.

காரில் கனத்துக்கும் காலுக்கும் வேலையில்லை. அங்கே சொல்லப்படும் காரணம் வேறு: “அவளுக்கு ஹைவேஸ்ல பழக்கமில்ல.” உண்மைதான், பழக்கம் இல்லை. ஏன் இல்லை? கல்யாணத்துக்கு முன்போ பின்போ டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எல்.எல்.ஆர். வாங்கி, ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக்காட்டித்தான் அந்தப் பெண்ணும் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். அதன்பின் மார்க்கெட் வரைக்கும், டியூஷன் வரைக்கும் ஓட்டியிருக்கலாம். குடும்பம் சேர்ந்து கிளம்பும் நீண்ட பயணங்களில்தான் ஒருவர் நெடுஞ்சாலையைக் கற்றுக்கொள்கிறார். லாரியை எப்போது முந்துவது, எதிர் விளக்கு கண்ணைக் கூசும்போது பார்வையை எங்கே வைப்பது, ஏற்காடு மலையின் கொண்டை ஊசி வளைவில் எந்த கியரில் ஏறுவது என்பதெல்லாம் அங்கேதான் கைவரும். அந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் கணவரே ஓட்டினால், பத்தாண்டுகளில் ஒருவருக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அனுபவம் சேர்ந்திருக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே சேர்ந்திருக்காது. ஏற்பாட்டினால் உண்டான அந்த இடைவெளியையே பிறகு ஏற்பாட்டுக்கு நியாயமாகக் காட்டுகிறோம். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால், இத்தனை வருடத்தில் வண்டி ஓட்டினீர்களா என்று அங்கேயும் கேட்பதில்லை. அட்டை செல்லுபடியாகும், கை மறந்துபோயிருக்கும்.

மனைவி ஓட்ட முன்வந்த வீடுகளில் அது ஏன் நீடிக்கவில்லை என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பக்கத்து சீட்டு. “பிரேக்கைப் பிடி”, “கிளட்ச்ல கால வைக்காத”, “ஆட்டோக்காரன் வர்றான் தெரியலையா?” காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும் கணவருக்குத் தான் உதவுவதாகத்தான் நினைப்பு. அச்சத்தில் வரும் சொற்கள் அவை. ஆனால் ஓட்டுபவரின் கவனம் சாலையில் பாதி, பக்கத்தில் பாதி என்று உடைகிறது. தவறு அங்கேதான் நேர்கிறது, நேர்ந்ததும் “பார்த்தியா?” என்ற கேள்வி வருகிறது. “உங்ககிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு ஓட்டறதுக்கு நீங்களே ஓட்டிக்குங்க” என்று மனைவி இறங்கிவிடுகிறார். கணவர் ஓட்டும்போது மனைவி சொல்லும் “கொஞ்சம் மெதுவாப் போங்க” என்பது காதில் விழாமல் போவதையும் சேர்த்துப் பார்த்தால், வேகத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் ஒரே இருக்கையில்தான் இருக்கிறது.

இதில் கணவர்கள் வெல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புவதை எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு எழுகிறார், நாள் முழுக்க அலுவலகம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சாமான்களை ஏற்றி, “ராத்திரியில் போனால் டிராஃபிக் இருக்காது, பிள்ளைகளும் தூங்கிவிடும்” என்று பதினொரு மணிக்கு வண்டியை எடுக்கிறார். விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினை வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1990களின் பிற்பகுதியிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, அந்த எல்லையைத் தாண்டிய நிலைக்குச் சமமான நிலையில் பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கிறார். குடித்திருந்தால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதச் சிறையோ, இரண்டுமோ உண்டு. தூக்கத்தை அளக்க எந்தப் போலீஸ்காரரிடமும் கருவி இல்லை.

அதிகாலை இரண்டு மணிக்கு மேல் உடல் தானாகவே தூக்கத்துக்குள் சரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கு விநாடி கண் செருகினால் ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்தை யாருமே ஓட்டவில்லை என்று பொருள். ஜன்னலை இறக்கிவிடுவதும், டீ குடிப்பதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும் சற்று நேரத்துக்குத்தான் தாங்கும். தூக்கத்துக்குத் தூக்கம் மட்டுமே மருந்து. அந்த வண்டியில் பகலில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்த இன்னொருவர் லைசென்ஸோடு உட்கார்ந்திருக்கலாம். கணவர் தூங்கிவிடக் கூடாதே என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவதுதான் அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் வேலை. “எனக்குக் கண்ணு சொக்குது, நீ எடு” என்று சொல்ல முடியாத நிலைக்குக் கணவரையும், “குடுங்க, நான் ஓட்டறேன்” என்று சொல்லும் துணிவு இல்லாத நிலைக்கு மனைவியையும் தள்ளியிருப்பது அத்தனை வருடப் பழக்கம்.

வசதியுள்ளவர்கள் இதற்கு ஆக்டிங் டிரைவரை அழைக்கிறார்கள். அது நல்ல முடிவு, களைப்போடு ஓட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். கணவருக்கு உடம்பு சரியில்லை என்றதும், முன்பின் தெரியாத ஒருவரை நம்பிச் சாவியைக் கொடுக்க முடிகிறது. வீட்டிலேயே உரிமம் பெற்ற ஒருவர் இருப்பது நினைவுக்கு வருவதில்லை. அந்த வேறுபாட்டைத் தம்பதிகள் ஒருமுறையாவது உட்கார்ந்து பேச வேண்டும்.

வயது ஏற ஏற இந்தக் கணக்கு இன்னும் கடினமாகிறது. கண்புரை வளரத் தொடங்கியவருக்கு எதிர்வரும் விளக்கின் ஒளி சிதறித் தெரியும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் போடும் சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு சிறிது காலம் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்வார். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். அறுபது வயதில், கணவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய நாளில், இருபது வருடமாகத் தொடாத ஸ்டியரிங்கை ஒரு பெண்ணால் எடுத்த எடுப்பில் பிடித்துவிட முடியுமா? கணவர் காலமான சில மாதங்களில் கார் விற்பனைக்கு வரும் வீடுகளைப் பார்க்கிறோம். காரோடு சேர்ந்து, நினைத்த நேரத்தில் கோயிலுக்கும் தங்கை வீட்டுக்கும் போய்வரும் வாழ்க்கையும் போய்விடுகிறது. அதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. இழப்பு நேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளச் சொல்வது கொடுமை. கற்றுக்கொள்ளும் காலம், இருவரும் நலமாக இருக்கும் காலம்தான்.

ஆகவே நெரிசலில்லாத பகல் நேரத்து நெடுஞ்சாலையை, அனுபவம் குறைந்தவருக்கு விட்டுக்கொடுங்கள். சென்னையிலிருந்து திருச்சி போனால் 330 கிலோமீட்டர். அதில் விடிந்த பிறகு வரும் நேரான நூறு கிலோமீட்டரை மனைவி ஓட்டட்டும். நகருக்குள் நுழையும் நெரிசலைப் பழகும்வரை கணவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த நூறு கிலோமீட்டரில் பக்கத்து இருக்கைக்காரர், கேட்டால் ஒழிய, ஓட்டுவதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. உண்மையான ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. கணவருக்கு ஓட்டத் தெரியாத, மனைவியே எப்போதும் ஓட்டும் வீடுகளும் இன்று உண்டு. அங்கே இதே பேச்சு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். இரவுப் பயணமென்றால், கிளம்பும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நேற்று ராத்திரி யார் எவ்வளவு தூங்கினோம்? அரசும் செய்ய வேண்டியது இருக்கிறது. ஸ்கூட்டருக்கு மானியம் தந்தோம். லைசென்ஸ் இருந்தும் ஓட்டாமல் விட்டவர்களுக்கு நெடுஞ்சாலையிலேயே மறுபயிற்சி தரும் பள்ளிகளுக்கும் அதேபோல உதவலாம்.

இன்னொன்று, இருவரும் ஓட்டத் தொடங்கும்போது பார்க்க வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. 2018 இறுதியிலிருந்து வாகனக் காப்பீட்டோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கானது, அதுவும் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான். கணவர் பெயரில் உள்ள காரை மனைவி ஓட்டிப் போய் ஏதாவது நேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு மனைவிக்கு இல்லை. வண்டி மனைவி பெயரில் இருந்து, கணவர் ஓட்டினாலும் நிலைமை அதுவே. இது தெரியாமலே வருடந்தோறும் பிரீமியம் கட்டிவரும் குடும்பங்கள் பல. அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது, வீட்டில் ஓட்டும் இன்னொருவரையும் பெயர் சொல்லிச் சேர்க்க எவ்வளவு ஆகும் என்று ஏஜென்டிடம் கேளுங்கள்.