எந்த நாடு என்பதை ஏஜென்ட் முடிவு செய்யக் கூடாது

"எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணலாம் தோழர்?" ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாணவர்களோடு உட்கார்ந்தால் இப்போது முதலில் வரும் கேள்வி இதுதான். சில வருடங்களுக்கு முன்பு குரூப் தேர்வுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்டவர்களின் தம்பி தங்கைகள் இவர்கள். கேட்கும்போதே பாதி பதில் அவர்கள் கையில் இருக்கிறது. ஒரு கன்சல்டன்சியின் வழவழப்பான நோட்டீஸ். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து என்று கொடி வரிசை. "ஐஇஎல்டிஎஸ் தேவையில்லை, ஆலோசனை இலவசம்."

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த நாடு என்பது இரண்டாவது கேள்வி. யாருடைய பணத்தில் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் நாட்டின் பெயர் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு பேச்சை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. "படிக்கிறேன் என்று சொல்லி அங்கேயே தங்கிவிடப் பார்க்கிறான், இயக்கத்தை விட்டு ஓடுகிறான்" என்று நம் கூட்டங்களிலேயே சிலர் பேசுகிறார்கள். ஆமாம், தங்கத்தான் போகிறார்கள். அதில் என்ன குற்றம்? வசதி படைத்த சாதிகளின் பிள்ளைகள் இரண்டு மூன்று தலைமுறையாக இதே வழியில் போய் அமெரிக்காவில் வீடு வாங்கியபோது யாரும் அதை ஓட்டம் என்று சொல்லவில்லை. நம் பிள்ளை போனால் மட்டும் தியாகக் கணக்கு கேட்பது நியாயமில்லை.

கடல் கடப்பதும் நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் பர்மாவுக்கும் போனவர்களில் பெரும் பகுதி சேரிகளிலிருந்து போனவர்கள். ஆனால் எந்த நாடு என்று அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கங்காணி தேர்ந்தெடுத்தான். முன்பணம் கொடுத்து அழைத்துப் போவான். இலங்கையில் அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, தோட்டம் மாறினாலும் கூடவே வந்தது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கன்சல்டன்சிக்காரரைக் கங்காணி என்று சொல்வது கொஞ்சம் கடுமைதான். ஆனால் கடனை நம் தலையில் வைத்து, போகும் இடத்தைத் தன் லாபத்துக்கு ஏற்ப முடிவு செய்யும் முறை அப்படியே இருக்கிறது.

ஆலோசனை எப்படி இலவசமாகிறது? சேரும் பல்கலைக்கழகம் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகிறது. மாணவர் கட்டும் முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பங்கு அது. கட்டணம் கூடினால் கமிஷனும் கூடும். கட்டணமே வாங்காத பல்கலைக்கழகத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்? ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி அந்த நோட்டீஸில் ஏன் ஒரு வரியும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர்களைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. மாணவரை அனுப்புபவர் அதற்குள் வருவதில்லை. 2023இல் பஞ்சாபிலிருந்து கனடா போன நூற்றுக்கணக்கான மாணவர்கள், தங்கள் சேர்க்கைக் கடிதமே போலி என்று சில வருடங்கள் கழித்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்துகொண்டார்கள். படித்து முடித்து வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நாடு கடத்தல் நோட்டீஸோடு தெருவில் உட்கார்ந்தார்கள்.

இனி பணம். இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. படிக்கக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்து 30 லட்சம் ரூபாய் சாதாரணமாக ஆகிவிடும். பொதுத்துறை வங்கியில் 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பெரும்பாலும் அடமானச் சொத்து கேட்பார்கள். நம்மிடம் இருப்பது என்ன? ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டா. அல்லது நத்தத்தில் ஒரு காரை வீடு, தாத்தா பெயரில். அபூர்வமாகப் பஞ்சமி நிலம். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனை நம் பாதுகாப்புக்காக வந்தது. வங்கியின் வழக்கறிஞருக்கு அதே நிபந்தனைதான் கடனை மறுக்கும் காரணம். நிபந்தனைப் பட்டா என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். மேலத் தெருப் பிள்ளைக்கு அப்பாவின் தோப்பு ஜாமீன் நிற்கிறது. நம் பிள்ளைக்கு யார் நிற்பது?

அப்போதுதான் வங்கியல்லாத நிதி நிறுவனம் வருகிறது, கூடுதல் வட்டியோடு. அதற்கும் மேலே போதாததற்கு அம்மாவின் மகளிர் குழுக் கடன், சித்தப்பாவின் நகை, ஊரில் மூன்று வட்டி. 30 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்றால் மாதம் 27,500 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் தனி. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் மாறி மாறி நிற்கும் தாயின் சம்பளமோ, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டும் தகப்பனின் கூலியோ அந்த வட்டிக்கே எட்டாது. பையன் அங்கே போய்ச் சம்பாதித்து அடைப்பான் என்பதுதான் ஒரே நம்பிக்கை. அதனால் அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பது நமக்குப் பொது அறிவுக் கேள்வி இல்லை. வீட்டுப் பத்திரம் திரும்புமா என்ற கேள்வி.

இங்கிலாந்தைப் பாருங்கள். படிப்பு முடித்தபின் இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான், பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று வருடம். அதற்குள் ஸ்பான்சர் செய்யும் கம்பெனி கிடைக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்கான பொதுச் சம்பள வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிக்குச் சலுகை வரம்பு 33,400 பவுண்டு. முதுகலை முடித்து வெளியே வரும் பிள்ளைக்கு எல்லாத் துறையிலும் இந்தச் சம்பளம் கிடைப்பதில்லை. கணவனையோ மனைவியையோ அழைத்துப் போகும் வழி, ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்றவர்களுக்கு 2024 ஜனவரியிலேயே அடைபட்டுவிட்டது. எங்கள் கருத்து இது: உதவித்தொகை இருந்தால் இங்கிலாந்து நல்ல நாடு. கடன் வாங்கிப் போவதற்கு அது நமக்கான நாடு இல்லை.

அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் படித்தால் மூன்று வருடம் வேலை பார்க்கலாம், பிறகு எச்-1பி குலுக்கல். 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தைக் கண்டு பலர் பயந்துவிட்டார்கள். அங்கே படித்து, அங்கிருந்தபடியே விசா மாறும் மாணவருக்கு அது பொருந்தாது என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறையே ஒரு மாதத்தில் விளக்கம் கொடுத்தது. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசை பல பத்தாண்டு நீளம். கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை ஒரு காலத்தில் 10,000 டாலர், இப்போது 22,895. கல்லூரி டிப்ளமோ படித்தால் குறிப்பிட்ட துறைகளுக்குத்தான் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி. "கனடா போனால் பி.ஆர். நிச்சயம்" என்று இன்னும் யாராவது சொன்னால் அவர் பழைய பஞ்சாங்கத்தைப் படிக்கிறார்.

உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை ஜெர்மனி. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. வங்கியில் முடக்கி வைக்க வேண்டிய தொகை வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது சுமார் 12 லட்சம் ரூபாய். அது கட்டணம் இல்லை. மாதம் 992 யூரோவாக நம் கைக்கே திரும்பும் சாப்பாட்டுப் பணம். முடித்த பிறகு வேலை தேட 18 மாதம். அங்கே படித்தவர் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்தால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 30 லட்சத்தோடு ஒப்பிட்டால் வீட்டை அடகு வைக்காமலே தப்பிக்க ஒரு வழி இருக்கிறது.

சும்மா கிடைக்காது. இந்திய மாணவர்கள் ஏபிஎஸ் என்ற சான்றிதழ் சரிபார்ப்பை முடித்துத்தான் விசாவுக்குப் போக முடியும். மதிப்பெண் குறைவாக இருந்தால் சேர்க்கை கடினம். வகுப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும். கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே மொழியைத் தொடங்கினால்தான் சரிவரும். இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார்; இரண்டு வருடம் காத்திருக்கும் வாடிக்கையாளர் அவருக்குத் தேவையில்லை.

சாதி அங்கேயும் வருமா என்று கேட்கிறீர்கள். வருகிறது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் "ஸ்ரீவில்லிபுத்தூரா, எந்தத் தெரு?" என்று அன்போடு கேட்பார்கள். அறை பகிரும் வாட்ஸ்அப் குழுவில் "சைவம் மட்டும்" என்று போடுவார்கள். அதனால் சட்டம் சாதியைப் பெயர் சொல்லி அழைக்கிறதா என்பதும் நம் பட்டியலில் இருக்க வேண்டும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல், சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தன. அதே 2023 அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தார். இங்கிலாந்தில் 2013இல் நாடாளுமன்றம் சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லியும், 2018இல் அரசு கைவிரித்து நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. போதாது என்று சொல்லும் நாங்களே இதையும் சொல்கிறோம்: பெர்மிலா டிர்க்கி என்ற ஆதிவாசிப் பெண், தன்னை வீட்டு வேலைக்கு வைத்து வதைத்த இந்தியக் குடும்பத்திடமிருந்து 2015இல் 1,83,773 பவுண்டு பெற்றது இங்கிலாந்துத் தீர்ப்பாயத்தில்தான். ஜெர்மனியின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. கடன் இல்லாமல் போகலாம் என்பதற்காக இந்தக் குறையை மறைக்க மாட்டோம்.

அடுத்தவர் பணம் என்ற விஷயத்துக்கு வருவோம். அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டில். பதிலுக்குப் பத்து வருடம் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். உதவித்தொகை முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். சேமிப்போடும், கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவியோடும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மறுபடி போனார். அவ்வளவு பெரிய மனிதருக்கே மூன்று வருடம் பணத்தால் போனது.

இன்று அந்தப் பணம் சட்டப்படி நமக்கு இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், 60 சதவீத மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்க்கை. நாடு முழுவதற்கும் 115! 2022இல் புது விதி ஒன்றையும் சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது. சமூகவியல் படித்த எங்களுக்கு இதன் பொருள் நன்றாகவே புரிகிறது. அரசுப் பணத்தில் அயல்நாட்டில் உட்கார்ந்து ஒரு தலித் மாணவர் சாதியைப் பற்றி ஆராயக் கூடாது. 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்த பிறகுதான் பேச்சு மாறியது.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நம் வட்டாரத்தில் இதைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் நகராட்சித் தூய்மைப் பணியாளரின் மகளுக்கு, அருந்ததியர் தெருவின் முதல் பட்டதாரிக்கு, கடைசித் தேதி முடிந்த பிறகுதான் செய்தி போகிறது. கன்சல்டன்சி நோட்டீஸ் மட்டும் எப்படியோ அந்தத் தெருவுக்கு முதலில் போய்விடுகிறது. விருதுநகர் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் தாட்கோவிலும் போய் இந்தத் திட்டத்தையும், தேசியப் பட்டியல் சாதியினர் நிதிக் கழகத்தின் கல்விக் கடனையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "அப்படி ஒன்றும் இல்லையே" என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இறுதியாண்டு படிப்பவர்கள் இந்த மாதமே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. சாதிச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக, மூன்றாவதில் எழுத்துப் பிழை என்று இருக்கும். அதிலும் நம் அப்பாக்களின் பெயரைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தன் இஷ்டத்துக்கு எழுதியிருப்பார். பெயர் பொருந்தாமல் விண்ணப்பம் நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதைத் திருத்தத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடக்க வேண்டியிருக்கும். நாடு எது என்று முடிவு செய்யும் முன்பே அந்த நடையைத் தொடங்கிவிடலாம்.