வெகுளி என்பது யாது?

"பாவம், அவர் வெகுளி" என்கிறோம். சூதறியாதவர், எளிதில் ஏமாறுபவர் என்பது இன்றைய பொருள். பழந்தமிழ் நூல்களிலோ வெகுளி என்றால் சினம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் பிள்ளைகளுக்கு இம்முரண் இடறுகிறது.

நம் ஞாயிறு வகுப்பில் திருக்குறளின் 31ஆம் அதிகாரமான 'வெகுளாமை'க்கு ஒரு சிறுமி, "ஏமாறாமல் இருப்பது" என்று பொருள் கூறினாள். சிரித்தோம். உடனே அன்பர் சிலர், "தலைப்பைக் 'கோபம் கொள்ளாமை' என மாற்றி அச்சிட்டுவிடலாமே" என்றனர். இதற்கு நாம் உடன்பட இயலாது.

மொழி மாறும் என்பதை நாம் மறுக்கவில்லை. வீட்டில் வழங்கும் பொருளும் பிழையன்று. ஆயினும், கடினமான சொல்லை விளக்குவது ஆசிரியர் கடன், அழிப்பது அன்று.

தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளியும் ஒன்று. அது பிறக்கும் களன்கள் நான்கு: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். நான்குமே ஒருவர் பிறர்க்கு இழைக்கும் கொடுமைகள். காப்பி ஆறிப்போனதற்கு எழும் எரிச்சலுக்கு அங்கே இடமில்லை. வள்ளுவரும் நீத்தார் பெருமையில், குணக்குன்றேறி நின்ற சான்றோர்க்கும் வெகுளி உண்டென்கிறார். அது கணநேரமே நிற்பினும் தாங்குதற்கரியது என்கிறார். வெகுளாமையின் முதற்குறளிலோ, தன் சினம் செல்லக்கூடிய இடத்தில் அதைக் காப்பவனே காப்பவன் என்கிறார். ஆகவே வெகுளாமை வலியவனின் அடக்கம். ஏதுமறியாதவனின் அமைதி அன்று.

வந்த ஊரில் நம் பேச்சை எள்ளி நகைத்தாலும், அலுவலகத்தில் நமக்குரியதைப் பிறர்க்குக் கொடுத்தாலும் வாய்மூடி இருக்கிறோம். "நல்ல மனிதர், வெகுளி" என்று பாராட்டும் பெறுகிறோம். அந்த மௌனம் அடக்கமா, அச்சமா? அச்சமும் அவ்வெட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றே என்பதை மறவாதிருப்போம்.

இவ்வினாவை நம்மிடம் எழுப்பும் சொல்லைத்தான் எளிமையின் பெயரால் நீக்கச் சொல்கின்றனர். நீக்க வேண்டா. இரு பொருளையும் அருகருகே வைத்துக் கற்பிப்போம். அநீதி கண்டு வெகுளவும், வெகுண்டபின் தன்னைக் காக்கவும் அறிந்த பிள்ளைகளே நமக்கு வேண்டும். இரண்டும் அறியாத வெகுளிகளை வளர்த்துவிட்டுப் பின்னர் வருந்துவதால் பயனில்லை.