'அட்வென்ச்சரஸ்'னு எழுதாதீங்க

லீவுக்கு ஊர் சுத்த பிளான் போட்டு, ரூம் வாடகையைப் பார்த்து அதிர்ந்து, கவுச்சர்ஃபிங்கில் கணக்கு தொடங்கினவங்க நம்ம காலேஜ்ல குறைஞ்சது பத்து பேர் இருப்பீங்க. முன்பின் தெரியாதவங்க வீட்டு சோபாவில் காசில்லாமல் தங்குற ஏற்பாடு. நானும் தொடங்கினேன். 'உங்களைப் பற்றி' கட்டத்தில் நான் எழுதினது: 'அட்வென்ச்சரஸ் டிராவலர். ஈஸி கோயிங். எல்லாச் சாப்பாடும் பிடிக்கும்.' மைசூரில் 12 பேருக்கு அனுப்பினேன். ஒருத்தர்கூடப் பதில் போடல.

அவங்க மேல தப்பே இல்லை. அந்த வார்த்தையைத் தமிழில் போட்டுப் பாருங்க: 'நான் ஒரு சாகசப் பயணி.' திருவிழாவில் மரணக் கிணற்றில் பைக் ஓட்டுறவர்தான் ஞாபகத்துக்கு வர்றார். இப்படிச் சொல்லிக்கிட்டு ஒருத்தர் வந்தால் உங்க அம்மா கதவைத் திறப்பாங்களா?

கவுச்சர்ஃபிங் பிறந்த கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். கேசி ஃபென்டன்னு ஒரு அமெரிக்கர், ஐஸ்லாந்துக்கு மலிவா டிக்கெட் கிடைச்சதும், அங்கே படிக்கிற சுமார் 1500 பல்கலைக்கழக மாணவர்களுக்கு 'தங்க இடம் தருவீங்களா'ன்னு மின்னஞ்சல் அனுப்பினார். ஐம்பது பேருக்கு மேல சரின்னாங்க. 2004-ல இணையதளம் வந்தது. இந்தக் கதையில் எல்லாரும் ஃபென்டனோட துணிச்சலைத்தான் பேசுறாங்க. யாருன்னே தெரியாதவருக்கு 'வா'ன்னு எழுதின அந்த ஐம்பது பேர்? நாம ஒரு பையோட போறோம். அவங்க வீட்டையே திறந்து விடுறாங்க. நம்ம நாட்டில் வெளிநாட்டவரைத் தங்க வெச்சா 24 மணி நேரத்துக்குள் அதுக்கான படிவம் வேற தாக்கல் பண்ணணும். உண்மையான சாகசக்காரங்க கதவுக்கு உள்ளே இருக்கிறவங்கதான்.

எங்க வானூர் வட்டத்துலதான் ஆரோவில்லோட பெரும்பகுதி இருக்கு. 1968-ல இருந்து உலகத்து மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் ஆள் வர்ற இடம். அங்கே 2003-ல அவிரம், யோரித் ரோசின் தம்பதி தொடங்கின சாதனா ஃபாரஸ்ட்ல, காய்ஞ்சுபோன நிலத்தில் காடு வளர்க்கிறாங்க. உலகம் முழுக்க இருந்து தன்னார்வலர்கள் வந்து தங்குறாங்க. பால்கூடச் சேர்க்காத வீகன் சாப்பாடு, தண்ணி ஊத்தாத உரக் கழிப்பறை. நீங்க இமயமலை ஏறினீங்களாங்கிறது அங்கே எதுக்கு? காலையில எழுந்து மண்வெட்டி பிடிப்பீங்களா, அந்தக் கழிப்பறை ஒத்துக்குமா? அதுதான் விஷயம்.

இன்னொண்ணு சொல்லணும். நம்ம பக்கம் புது ஆளைப் பார்த்தா முதல் கேள்வி 'எந்த ஊரு?' அடுத்தது 'எந்தத் தெரு?' இரண்டாவது கேள்வி எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒருநாள், திருவக்கரை கல்மரம் பார்க்க சைக்கிளில் கிளம்பின ஒரு வெள்ளைக்காரர் மழைக்கு எங்க திண்ணையில் ஒதுங்கினார். ஆயா எதுவுமே கேட்கல. வீட்டு டம்ளர்ல காபி கொடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு, பக்கத்து ஊரில் இருந்து என்கூடப் படிக்கிற பையன் வந்தான். அதே ஆயா தெருவைக் கேட்டாங்க. பதில் வந்ததும் பேச்சு நின்னுபோச்சு. காபியும் வரல. நான் அவனை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஆயாகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. 'அட்வென்ச்சரஸ்'னு எழுதினவன் நான்தான்.

அதனாலதான் அந்தச் சின்னக் கட்டம் எனக்கு முக்கியமாப் படுது. தெருவைச் சொல்லாம நம்மளைச் சொல்லிக்கக் கிடைச்ச இடம் அது. பெயரையும் போட்டோவையும் பார்த்து அங்கேயும் எடை போடுறவங்க இருப்பாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா நாமளே அதை 'ஈஸி கோயிங்'னு வீணடிச்சா, அவங்க எடைபோட வேற எதுதான் மிச்சம் இருக்கு?

போன மாசம் மாத்தி எழுதினேன்: 'விழுப்புரம் பக்கம் வானூர். மெக்கானிக்கல் கடைசி வருஷம். இரண்டு ராத்திரி மட்டும். பகல் முழுக்க வெளியே இருப்பேன், ராத்திரி 9 மணிக்குள் வந்துடுவேன். கன்னடம் தெரியாது. ரசம் நல்லா வைப்பேன், ஃபேன் ரிப்பேர் பண்ணுவேன். குறட்டை உண்டு.'

மூணாம் நாள் மைசூரில் இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பதில் போட்டிருந்தார். 'ஹால் ஃபேன் ஓடல. வா.'