தரநிலையே முதற்கடன்

அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளுக்கு மாற வேண்டும் என்ற கோரிக்கையை நாம் தொடர்ந்து ஆதரித்து வந்துள்ளோம். ஆயினும் திறமூலமும் திறந்த தரநிலையும் ஒன்றே என்னும் மயக்கம் ஆட்சியாளரிடமும் ஆர்வலரிடமும் ஒருங்கே காணப்படுகிறது. மென்பொருள் அரசு கையாளும் கருவி. தரநிலையோ அக்கருவி எழுதி வைக்கும் ஆவணத்தின் வடிவை வரையறுப்பது. கருவியை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆவணம் மக்களின் உடைமை, எந்தக் கருவி கொண்டும் எக்காலத்தும் படிக்கத்தக்கதாய் அது இருந்தாக வேண்டும்.

இதில் தவறினால் நேரும் கேட்டைத் தமிழகம் பட்டறிந்துள்ளது. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்று நிறுவனங்கள் தத்தம் போக்கில் நடந்த காலத்தில், 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் குறியேற்றங்களை மாநில அரசு ஏற்றது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், அதனை டேஸ் 16 என்னும் குறியேற்றத்துடன் அரசுத் தரமாக ஏற்கும் ஆணை 2010இல்தான் பிறந்தது. அதன் பின்னரும் பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களை விட்டு எளிதில் அகலவில்லை.

அவ்வாறு தட்டச்சான கோப்பு ஒன்றை உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். பயனாளியின் பெயரும் ஊரும் இருக்க வேண்டிய வரியில், தலைக்குறியிட்ட உரோமன் எழுத்துகள் பொருளின்றிச் சிதறிக் கிடக்கும். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. லினக்ஸில் லிப்ரே ஆஃபிஸ் கொண்டு திறந்தாலும் இதே நிலைதான். செயலியின் மூலநிரல் வரிக்கு வரி கண்முன் இருந்தும் பயனில்லை. பூட்டு விழுந்திருப்பது குறியேற்றத்தில்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இவ்வேறுபாட்டை முன்னமே உணர்ந்தது. 2005இல் அது தன் அலுவலக ஆவணங்களுக்கு ஓடிஎஃப் என்னும் திறந்த வடிவை விதித்தபோது, மென்பொருள் எவருடையதென்று கேட்கவில்லை. விலைக்கு விற்கும் நிறுவனமும் அவ்வடிவில் எழுதித் தந்தால் போதும் என்றது. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. 2007இல் மைக்ரோசாஃப்டின் ஓபன் எக்ஸ்எம்எல் வடிவுக்கும் அம்மாநிலம் இடமளித்தது. எனினும் 2009இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபிஸ் மென்பொருளிலேயே ஓடிஎஃப் வசதியைச் சேர்த்தது. மூலநிரல் மூடியபடியே இருக்க, ஆவணத்துக்கு வழி திறந்தது.

தரநிலை என்னும் முத்திரை மட்டும் காவலாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆறாயிரம் பக்கங்களில் முன்வைக்கப்பட்ட அதே ஓபன் எக்ஸ்எம்எல், இந்தியா எதிர்த்து வாக்களித்தும் 2008இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அத்துணைப் பெரிய விதிநூலை அதனை எழுதியவரன்றி வேறு எவர் முழுமையாகச் செயற்படுத்துவது? இங்கேதான் திறமூலத்தின் தேவை புலனாகிறது. எவரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய நிரலில் ஒரு தரநிலை இயங்கிக் காட்டுவதே அது உண்மையில் திறந்தது என்பதற்கு நம்பத்தக்க சான்று.

நடுவண் அரசு மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை 2010இலும் திறமூல மென்பொருள் கொள்கையை 2015இலும் வெளியிட்டது. தரநிலைக்குரிய காப்புரிமைகள் அதன் ஆயுள் முழுதும் உரிமத்தொகையின்றிக் கிடைக்க வேண்டும் என்கிறது முன்னது. திறமூலத்துக்கு முன்னுரிமை தந்து, விலக்கினால் காரணம் காட்டுமாறு கேட்கிறது பின்னது. இந்த ஏற்றத்தாழ்வு சரியானதே. கருவியில் விலக்குக்கு இடம் இருக்கலாம். ஆவண வடிவில் இருத்தலாகாது.

எனவே ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் கோப்பு வடிவமும் ஒருங்குறியும் கட்டாய நிபந்தனைகளாக இடம்பெற வேண்டும். பணி முடிந்ததென நிறுவனம் அறிவித்ததும், அது தந்த தரவை முற்றிலும் வேறொரு மென்பொருளில் திறந்து சரிபார்த்த பின்னரே இறுதித் தவணை வழங்கப்பட வேண்டும். பழைய எழுத்துருக்களில் முடங்கிய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற ஒவ்வொரு துறையும் நிதியும் காலக்கெடுவும் வகுக்க வேண்டும். அவற்றைப் படிக்கத் தெரிந்த கணினிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.