ஈட்டுக்கு வந்த காணியும் இலவச வைத்தியமும்

வலிகாமத்து உழவர் ஒருவர் சென்ற மாரியிலே என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கையில் ஓர் உறுதி இருந்தது. மூன்று பரப்புத் தோட்டக் காணி. தந்தையார் கிணறு வெட்டி, எரு இட்டு, வெங்காயமும் புகையிலையும் விளைவித்த செம்பாட்டு மண். அதனை ஈடு வைக்க வேண்டுமென்றார். “மகளுக்குச் சீதனமோ?” என்று வழமைப்படி கேட்டேன். “இல்லை ஐயா, மகனுக்கு இரத்தத்திலே புற்றுநோய். கொழும்புக்குப் போய்வரக் காசு வேணும்” என்றார். மகனுக்கு வயது ஆறு.

ஈட்டு உறுதியை எழுதிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. கூலி வாங்காமையால் நெஞ்சு ஆறிவிடவுமில்லை. அன்றிரவு என் உறக்கத்தைக் கெடுத்த வினா இதுதான்: இந்நாட்டிலே வைத்தியம் இலவசம் அன்றோ? அரசாங்க வைத்தியசாலையிலே வைத்தியருக்குப் பணம் கொடுப்பதில்லை, கட்டிலுக்கும் கொடுப்பதில்லை. அவ்வாறாயின் இந்தக் காணி எதற்காக ஈட்டுக்குப் போகிறது?

விடையை அந்த உழவரே தந்தார். சிறுவர்களைப் பீடிக்கும் இரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. இலங்கையில் புற்றுநோய்ச் சிறுவர்களுக்கான சிறப்புச் சிகிச்சையின் பெரும்பகுதி மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். தாய் பிள்ளையோடு தங்க, தந்தை போவதும் வருவதுமாக அலைய, பயிர் நீரின்றி வாடுகிறது. மற்றப் பிள்ளைகள் அயலார் வீட்டில் உண்ணுகின்றனர். வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டிய நாளிலும் ஊருக்குத் திரும்ப இயலாது. அடுத்த ஊசிக்கு இன்னும் சில நாள்களே இருக்கும். வாடகை அறை வேண்டும், சோறு வேண்டும். 2022ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது மருந்துத் தட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. வெளியே வாங்கி வருமாறு சீட்டெழுதிக் கொடுத்தால் ஏழை எங்கே போவான்?

வைத்தியம் இலவசம்; வைத்தியத்தை அடையும் வழி இலவசமன்று. இந்த உண்மையை மறைத்துக்கொண்டு இலவச வைத்தியத்தின் பெருமை பேசுவோர், ஆற்றின் அக்கரையில் அன்னசத்திரம் கட்டிவிட்டு ஓடம் விடாதவரை ஒப்பர்.

இந்நோய் வந்தால் பிள்ளை பிழையாது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். அது பழங்கதை. உலகத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,00,000 சிறுவர்களும் இளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு உள்ளாகின்றனர். செல்வ நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மர்கூடத் தேறுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில், 2030க்குள் எந்நாட்டுப் பிள்ளைக்கும் குறைந்தது நூற்றுக்கு அறுபது பங்கு உயிர் வாய்ப்பு இருத்தல் வேண்டுமென்று இலக்கு வகுத்தது. எண்பதுக்கும் முப்பதுக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தில் விழுந்து மடியும் குழந்தைகளைக் கொல்வது நோய் மாத்திரமோ?

அறிவியல் தன் கடனை நெடுநாளைக்கு முன்பே செய்யத் தொடங்கிவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக் குழுவினர் ஆக்கிய மருந்தைக் கொண்டு, சிட்னி ஃபார்பர் என்னும் வைத்தியர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சில காலம் அடக்கிவைக்க இயலும் என்று 1948இல் உலகுக்குக் காட்டினார். நம் முற்றங்களிலே வாடாது பூத்துக் கிடக்கும் பட்டிப்பூச் செடியின் இனமே, வின்கிறிஸ்டின் என்னும் மருந்தை உலகுக்குத் தந்தது. இன்றும் இந்நோயுற்ற பிள்ளைகளின் நாளங்களில் அது ஏற்றப்படுகின்றது. மருந்து முற்றத்துச் செடியிலிருந்து வந்தது. அந்த முற்றத்துக்குரியவன் தன் பிள்ளையை மருந்தண்டை கொண்டுசெல்ல வழியில்லை!

வழியற்றவன் என்ன செய்கிறான்? சிகிச்சையை இடையிலே நிறுத்திவிடுகிறான். முதல் மாதங்களின் மருந்தால் பிள்ளை தேறி, முகம் தெளிந்து, ஓடி விளையாடுகிறது. “சுகம் வந்துவிட்டது, இனி ஏன் கடன்?” என்று குடும்பம் எண்ணுகிறது. ஆயின் கண்ணுக்குத் தெரியாது ஒளிந்திருக்கும் நோய் மீண்டெழும். மீண்டெழுந்த நோயை வெல்வது முன்னையினும் அரிது. அந்தத் தந்தையை அறிவிலி என்று ஏசுவோரைப் பார்த்துக் கேட்கிறேன்: அவன் கணக்குப் பார்த்தபோது நீர் எங்கே இருந்தீர்?

இதற்கு மாற்று உண்டு என்பதற்குச் சான்று கேட்பீராயின் தருகிறேன். நீதிமன்றத்திலே சான்றின்றிப் பேசிப் பழகியவனல்லன். பிரேசில் நாட்டின் வறிய வடகிழக்கிலே ரெசீஃபே என்றொரு நகர். 1980களில் அங்கே இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடங்கிய பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினாறு பேர் இடையிலே கைவிட்டனர். நோய் மீளாது வாழ்ந்தோர் நூற்றுக்கு 32 பேரே. பின்னர் அந்நகரிலே சிறுவர் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு அமைத்தனர். நல்ல சிகிச்சை முறையோடும் பயிற்சி பெற்ற தாதியரோடும், ஊர்ப் பொதுமக்களின் தொண்டர் அமைப்பொன்றும் கைகோத்துக் குடும்பங்களுக்குத் தங்குமிடமும் போக்குவரத்துச் செலவும் உணவும் அளித்தது. 1997 முதல் 2002 வரையான காலத்திலே கைவிட்டோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைந்தனர். நோய் மீளாது வாழ்ந்தோர் 63 ஆயினர். மருந்தும் மருத்துவமும் அதிற் பெரும் பங்குடையன, மறுக்கவில்லை. ஆனால் வாசல்வரை வர இயலாத பிள்ளைக்கு மருந்து என் செய்யும்?

இனி, இவ்விடயத்திலே நம்மவர் கூறும் மூன்று சாட்டுகளை நோக்குவோம்.

“விதி” என்பர் சிலர். விதி செல்வ நாட்டிலே எண்பது பிள்ளைகளைப் பிழைக்க விட்டு, வறிய நாட்டிலே முப்பதை மட்டும் விடுமோ? கடவுச்சீட்டைப் பார்த்து ஆளெடுக்கும் விதி எந்தச் சைவ நூலில் உளது? முற்பிறப்புப் பாவம் என்று பெற்ற தாயின் முகத்துக்கெதிரே சொல்வோரும், தொற்றும் என்று அஞ்சித் தம் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு விளையாட விடாதோரும், நோயினும் கொடியர். புற்றுநோய் தொற்றாது.

“அரசாங்கத்தின் கடமை” என்பர் வேறு சிலர். ஆம், கடமைதான், அதனை நானும் உரத்துச் சொல்வேன். ஆயின் அரசு கடமையைச் செய்யும் நாள்வரை இன்றைய பிள்ளை காத்திருக்க இயலுமோ? 2011ஆம் ஆண்டிலே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை இந்நாட்டு மக்கள் 27 நாள் நடந்து திரட்டிய நிதி, 2013இல் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து காலி கராப்பிட்டியவுக்காகத் திரட்டினர். மக்கள் எழுந்தால் கட்டடம் எழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

“நாமும் கொடுக்கிறோமே” என்பர் மூன்றாமவர். கொடுக்கிறீர்கள், ஆண்டுக்கொரு நாள் பொம்மையும் இனிப்பும் கொடுத்து, முடி கொட்டிய தலையை அணைத்தபடி படம் எடுத்து, அதனை ஊரெல்லாம் காட்டுகிறீர்கள். அந்தப் பிள்ளையின் முகம் உங்கள் விளம்பரப் பலகையன்று. குருதியின் வெண்ணணுக்கள் குன்றிய பிள்ளைக்குத் தடிமனோடு வரும் கொடையாளி கொண்டுவருவது பொம்மையல்ல, ஆபத்து. தொண்டு என்பது வருகையன்று, இருப்பு.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தோடு, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழிலே தொடர்பு கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையிலே எழுதப்பட்டது. ஏட்டிலே உரிமை உண்டு. தென்னிலங்கையின் வைத்தியசாலை ஒன்றிலே வன்னித் தாய் ஒருத்திக்கு, “காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராது உடனே கொண்டு வா” என்ற விதி சிங்களத்திலே சொல்லப்பட்டது. அவள் தலையசைத்தாள்; விளங்கியதாலன்று, அச்சத்தால். இரவிலே காய்ச்சல் கண்டது. விடியும்வரை நெற்றியில் ஈரத்துணி போட்டபடி காத்திருந்தாள். பிள்ளை அருந்தப்பிலே பிழைத்தது. சொன்ன தாதி கருணையற்றவளல்லள்; அவளுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவே. அரசியலமைப்பு அந்த இரவிலே எங்கே உறங்கிற்று? மொழியுரிமை மேடைப் பேச்சென்று எள்ளுவோர் அந்தத் தாயிடம் சென்று சொல்லட்டும்.

இதனை இனப் பகையாக யாரும் திரித்தல் வேண்டா. மொனராகலையின் சிங்கள உழவனும் இதே தொலைவினால் அழிகிறான். நாட்கூலி இழந்து மலையிலிருந்து இறங்கும் தோட்டத் தொழிலாளியும் அழிகிறான். அவர்களுக்கும் சேர்த்தே இவ்வழக்கு.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு: நோயுற்ற பிள்ளைக்கும் துணைவருக்கும் இலவசப் பயணச்சீட்டு; வைத்தியசாலையை அண்டிய குடும்பத் தங்குமிடம்; சிறுவர் புற்றுநோய்ப் பிரிவிலே இரவு பகல் தமிழறிந்த அலுவலர்; சிகிச்சைக் காலம் முழுவதும் குடும்பத்துக்குப் படி.

நம்மிடம் நாமே கேட்க வேண்டியவை வேறு. ஆசிரியர்களே, வாரம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுங்கள். பள்ளி அவனை மறவாதிருக்கட்டும். கொழும்பிலே வீடுடைய உத்தியோகத்தர்களே, ஓர் அறையைத் திறந்து வையுங்கள். இரு மொழியும் அறிந்தோரே, தாயருகே நின்று மொழிபெயருங்கள். இளைஞர்களே, குருதி கொடுங்கள். குருதிச் சிறுதட்டுக்கள் சில நாள்களே கெடாதிருக்கும், ஆதலால் கொடையும் ஓயாது வேண்டும். வைத்தியர்களே, விடாத காய்ச்சல், வெளிறல், காரணமற்ற கண்டல், எலும்பு நோவு, கண்மணியில் வெள்ளொளி ஆகிய குறிகளை ஊர் ஊராகச் சென்று விளக்குங்கள். உழவர் பெருமக்களே, அயலான் கொழும்பிலே பிள்ளையோடு இருக்கும்போது அவன் வெங்காயத்துக்கு நீர் இறையுங்கள்; அவன் காணி ஈட்டுக்குப் போகாது. பிழையாத பிள்ளையின் வீட்டையும் விட்டு அகலாதீர்கள். முப்பத்தோராம் நாளோடு அந்தத் தாயின் துயர் முடிவதில்லை.

நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதிக்கும் பிரதி ஒன்று அவனிடம் கிடக்கும். அந்த மூன்று பரப்பின் ஈட்டுறுதிப் பிரதி என் பெட்டகத்திலே இருக்கிறது. பையன் இப்பொழுது சிகிச்சையின் இரண்டாம் ஆண்டிலே இருக்கிறான், தேறி வருகிறான். அந்தக் காணியை மீட்கும் உறுதியையும் என் கையாலேயே எழுத வேண்டும். அதைவிட, அத்தகைய ஈட்டுறுதி இன்னொன்றை எழுதும்படி எவரும் என் வாசலுக்கு வராதிருத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய பணமும் ஆளும் நம் ஊர்களிலே உண்டு. இல்லையென்று சொல்வோர் கோயில் திருவிழாக் கணக்கை எடுத்துக்கொண்டு வரட்டும்; பக்கம் பக்கமாய்ப் பார்ப்போம்.