‘என் வரிப் பணம்’ என்னும் வீறாப்பு

ஏழைகளுக்கு அரசு எதைக் கொடுத்தாலும் ஒரு குரல் எழுகிறது: “எல்லாம் என் வரிப் பணம்!” வருமான வரி கட்டுகிறவன்தான் நல்ல குடிமகன், நாட்டைத் தாங்குபவன் அவனே, மற்றவர்கள் அவன் தயவில் பிழைப்பவர்கள் என்ற நம்பிக்கை அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்கள் முதல் தொலைக்காட்சி விவாதங்கள்வரை பரவிக் கிடக்கிறது. இது கணக்கிலும் தப்பு, கொள்கையிலும் தப்பு.

முதலில் கணக்கு. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்கிறார். அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி. ரிட்டர்னும் இல்லை, ரீஃபண்டும் இல்லை; கையிலிருந்து போனது போனதுதான். அவருக்கும் அவர் பாத்திரம் துலக்கும் வீட்டு முதலாளிக்கும் அதே 18 சதவீதம்தான். யாருக்கு அது உறைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மதுவால் 2023-24இல் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கூலிக்காரன் குடித்தே அழிகிறான் என்று ஏசுகிறவர்கள், அவன் அழிவிலும் கஜானாவுக்குப் பங்கு போகிறது என்பதை வாய்தவறியும் சொல்வதில்லை.

சலுகைக் கதையும் அப்படித்தான். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரியை 22 சதவீதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று மத்திய அரசே சொன்னது. அதை யாரும் ‘ஓசி’ என்று பேசவில்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அப்படியானால் நேற்றுவரை நாட்டைத் தாங்கியவர்களில் பலர் ஏப்ரல் 1ஆம் தேதி காலையில் தண்டச்சோறாகிவிட்டார்களா?

கட்டுகிற வரியையாவது ஒழுங்காகக் கட்டுகிறோமா? டைல்ஸ் கடையில் “பில் இல்லாம என்ன ரேட்டு?” என்று கேட்பது யார்? மனை வாங்கும்போது பத்திரத்தில் ஒரு விலை, பையில் ரொக்கமாக ஒரு விலை. வரிவிலக்குக்காக மாமியார் பெயரில் வாடகை ரசீது. இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் ரேஷன் அரிசி வாங்குகிறவரிடம் நேர்மை பேசுகிறோம்.

இனி கொள்கை. வெள்ளைக்காரன் காலத்து 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்து, வரி, படிப்பு இவற்றை வைத்துத்தான் வாக்குரிமை கிடைத்தது. பெரும்பாலோருக்கு அது கிடைக்கவே இல்லை. அந்தத் தடுப்பை உடைத்து, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்றது நம் அரசியல் சாசனத்தின் 326ஆவது பிரிவு. வருமான வரிச் சான்றை நீட்டிக் கூடுதல் மதிப்புக் கேட்பவர், போன தடுப்பை மறுபடி எழுப்பச் சொல்கிறார். இன்னொன்று: 1976இல் சாசனத்தில் அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தபோது, வரி செலுத்துவதையும் பட்டியலில் வைக்கும்படி ஸ்வரண் சிங் குழு பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. இன்று அந்தப் பட்டியலில் 11 கடமைகள் உள்ளன. வரி அதில் இல்லை.

வரி ஏய்க்கலாம் என்று இதற்குப் பொருளில்லை, ஏய்ப்பு குற்றமே. ஆனால் வரி கட்டியதோடு குடிமகன் வேலை முடிந்துவிடாது. கொடுத்த காசு எங்கே போனது என்று கேட்பதில்தான் அது தொடங்குகிறது. கிராம சபையில் வெயிலில் உட்கார்ந்து, தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று தலைவரை மடக்கும் பெண்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். வரிப் பணத்தின்மேல் உண்மையான அக்கறை உள்ளவருக்கும் வழி இருக்கிறது: பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் தம் தெருச் சாலையின் ஒப்பந்த நகலைக் கேட்கலாம். காண்ட்ராக்டரிடம் கேட்க வேண்டிய கணக்கை ஏழையிடம் கேட்பது நாட்டுப்பற்றாகாது. இளைத்தவனிடம் காட்டும் வீரம் அது.